பின்மனைக்காரர் மண் அடித்து எங்கள் பைப்பை அடைத்துவிட்டார், 25 வருஷப் பாத்தியம் செல்லுமா? கடலூர் நண்பர்கள் உதவவும்

செம்மண்டலத்தான்
9 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கடலூர்ல செம்மண்டலம் தாண்டி எங்க வீடு. அப்பா 1998ல மனை வாங்கி 1999ல கட்டினது. இந்த நகர் முழுக்க ஒரு காலத்துல நஞ்சை. முன்பக்கத் தெரு மேடு, மனை பின்னாடி சரிவு. அதனால சமையக்கட்டுத் தண்ணி, குளிக்கிற தண்ணி, மாடியில விழற மழைத் தண்ணி எல்லாத்தையும் ஒரே நாலு இஞ்ச் பைப்ல சேர்த்து, பின்னாடி இருந்த காலி மனை ஓரமா பூமிக்குள்ள கொண்டுபோய் அந்தத் தெரு கால்வாயில விட்டிருந்தோம். கக்கூஸ் இதுல சேரல, அதுக்கு செப்டிக் டேங்க் தனியா இருக்கு. காலி மனை ஒரு வாத்தியாரோடது, அவர் நெய்வேலியில இருந்தார். 25 வருஷத்துல ஒரு சத்தம் வந்ததில்ல.

வாத்தியார் காலமான பிறகு பிள்ளைங்க மனைய வித்துட்டாங்க. வாங்கினவர் போன வருஷம் அக்டோபர் 18ம் தேதி ஜே.சி.பி. விட்டு மூணடி உயரத்துக்குச் செம்மண் அடிச்சு, பைப்ப உடைச்சு, எங்க பக்கத்து வாயை சிமெண்ட் வச்சு அடைச்சு, அது மேலயே காம்பவுண்டு எழுப்பிட்டார்.

அடுத்தது ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 ராத்திரி முழுக்க கொட்டினது உங்களுக்கே தெரியும். பெண்ணையாத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்தது டிசம்பர் 2ம் தேதி. எங்க வீட்ல முதல் தேதி விடியும்போதே முழங்கால் தண்ணி. போக வழியில்லாம எங்க மாடித் தண்ணியே எங்க கூடத்துக்குள்ள நின்னுச்சு. அம்மாவுக்கு 72 வயசு. கட்டில் மேல கட்டில் போட்டு உக்கார வச்சோம்.

போலீஸ்ல மனு கொடுத்தேன், மனு வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர்.னு ஒரு ரசீது மட்டும் போட்டுட்டு இது சிவில் விவகாரம்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் பாத்திரம் கழுவற தண்ணிய வாளியில எடுத்துட்டுப் போய் முன் தெருவுல ஊத்தறா என் வீட்டுக்காரி. இன்னும் ரெண்டு மாசத்துல மறுபடி மழை. அந்த மனை வழியா தண்ணி விட்டு 25 வருஷம் அனுபவிச்ச பாத்தியம், அதாவது உரிமை, செல்லுமா, செல்லாதா?

வெள்ளிக்கடற்கரை
9 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

அண்ணா, படிக்கவே வயிறு எரியுது. 25 வருஷம் ஓடின பைப். அது உங்க சொத்து. நாலு ஆளக் கூட்டிட்டுப் போய்ச் சுவத்துல ஓட்டை போட்டு பைப்ப இணைச்சுடுங்க. அவன் வேணா கோர்ட்டுக்குப் போகட்டும்.

கறுப்பு அங்கி
10 ஆகஸ்ட் 2025, காலை 7.05

நான் கடலூர் கோர்ட்ல இருக்கற வழக்கறிஞர். மேல தம்பி சொன்னத மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க. 1882ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துல, பத்திர பாஷையில ஈஸ்மெண்ட்னு எழுதுவாங்களே அதுல, 36ம் பிரிவு இதுக்குன்னே இருக்கு. பாத்தியம் உங்களுக்கு இருந்தாலும், அதைத் தடுத்த சுவரை நீங்களா அகற்றக் கூடாது. இடிச்ச அன்னைக்கு நீங்க குற்றவாளி ஆயிடுவீங்க, அவர் பாதிக்கப்பட்டவர் ஆயிடுவார்.

இப்ப உங்க விஷயம். உங்க பதிவுல ரெண்டு தண்ணி ஒரே பைப்ல கலந்திருக்கு. சட்டம் அந்த ரெண்டையும் ஒண்ணாப் பாக்காது.

வானத்துலேருந்து விழுந்து, மேட்டுலேருந்து பள்ளத்துக்குத் தானா ஓடற தண்ணிக்கு 7ம் பிரிவு இருக்கு. மேட்டு நிலத்துக்காரன் நிலத்துல விழற தண்ணி இயல்பா பள்ளத்து நிலத்துக்கு ஓடறத பள்ளத்துக்காரன் விட்டுத்தான் ஆகணும். இதுக்கு 20 வருஷக் கணக்கு வேண்டாம், பத்திரம் வேண்டாம். நிலத்தோடயே பிறந்த உரிமை. ஆனா 'இயல்பா' ஓடற தண்ணிக்குத்தான். மாடியில விழறத எல்லாம் திரட்டி ஒரு குழாய் வழியா ஒரே இடத்துல கொட்டறத இயல்பான ஓட்டம்னு சொல்றது கஷ்டம்.

சமையக்கட்டுத் தண்ணி வேற கதை. அதை இன்னொருத்தர் நிலத்து வழியா விடறதுக்கு உரிமை தானா வராது. ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கணும். இல்ல 15ம் பிரிவுப்படி 20 வருஷம் சச்சரவு இல்லாம, வெளிப்படையா, இடைவிடாம, 'என் உரிமை'ங்கற தோரணையில அனுபவிச்சிருக்கணும். நிலம் சர்க்காருதுன்னா 30 வருஷம்.

உங்ககிட்ட 25 வருஷம் இருக்கு. ஆனா ரெண்டு தேதிய மறக்காதீங்க. அந்த 20 வருஷம் நீங்க வழக்கு போடற நாளுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சதா இருக்கணும். அதைவிட முக்கியம், ஒருத்தர் அடைச்சது தெரிஞ்சும் ஒரு வருஷம் சும்மா இருந்துட்டா தடையை நீங்களே ஒப்புக்கிட்டதா ஆயிடும். உங்க ஒரு வருஷம் வர்ற அக்டோபர் 17ம் தேதியோட முடியுது. சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமா வைங்க, நீங்க சும்மா இருக்கலைங்கறதுக்கு அது சாட்சி. அது போதும்னு உக்காராம இந்த வாரமே ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க.

கடைசியா ஒரு கேள்வி. இதுக்கு உண்மையான பதில் வேணும். அப்பா பைப் போடும்போது வாத்தியார்கிட்ட கேட்டுப் போட்டாரா, சொல்லிட்டுப் போட்டாரா?

செம்மண்டலத்தான்
10 ஆகஸ்ட் 2025, காலை 8.30

ரொம்ப நன்றி மேடம். அப்பா இப்ப இல்ல, 2016ல தவறிட்டார். பைப் போட்டப்ப நான் பத்தாவது படிச்சிட்டு இருந்தேன். வாத்தியார் நல்ல மனுஷன், அப்பாவும் அவரும் பழக்கம்னு மட்டும் தெரியும். கேட்டதுக்கும் சொன்னதுக்கும் அவ்வளவு வித்தியாசமா?

கறுப்பு அங்கி
10 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

வழக்கே அதுல நிக்குது தம்பி.

"உங்க மனை வழியா பைப் போட்டுக்கட்டுமா?", "போட்டுக்கோங்க சார்" அப்படின்னு நடந்திருந்தா அது அனுமதி. சட்டத்துல அதுக்கு உரிமம்னு பேர், கோர்ட்ல லைசென்ஸ்னே சொல்லுவோம். அனுமதி வாங்கி அனுபவிச்சது 20 இல்ல, 50 வருஷம் ஆனாலும் பாத்தியமா மாறாது. இன்னொருத்தர் தயவுல நின்னவன் 'என் உரிமை'ன்னு நின்னதாகாது.

60ம் பிரிவுல ஒரு பாதுகாப்பு உண்டு. அனுமதியை நம்பி, செலவு பண்ணி, நிலையான வேலை ஒண்ணு செஞ்சிருந்தா கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்க முடியாது. வாத்தியார் உயிரோட இருந்து அவரே அடைச்சிருந்தா இதை வச்சு நல்லா வாதாடலாம். ஆனா அதுக்கு முந்தின 59ம் பிரிவு, நிலத்தை வித்துட்டா வாங்கினவரை அந்த அனுமதி தானாகக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லுது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல புரட்டற பக்கம் அதுதான்.

சங்கிலி அளவு
11 ஆகஸ்ட் 2025, காலை 6.20

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் அம்மா சொன்னது எல்லாம் சரி. அதற்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள்.

நஞ்சையை மனையாகப் போட்ட நகர்களில் பழைய பாசன வாய்க்காலைத் தூர்த்து அதன் மேலேயே மனைக்கல் நட்டிருப்பார்கள். உங்கள் மனை எந்தப் பழைய சர்வே எண்ணில் இருந்து பிரிந்தது என்று பத்திரத்தில் இருக்கும். அந்த எண்ணுக்கு உட்பிரிவுக்கு முந்தைய புலப்படம், அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடம், வாங்குங்கள். நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வரி இருந்தாலே கதை மாறிவிடும். அது சர்க்கார் இடம், உங்களுக்கும் அவருக்கும் சொந்தம் இல்லை, அதை யாரும் அடைக்க முடியாது. பட்டா நிலத்துக்குள் ஓடிய கன்னி வாய்க்கால், அதாவது வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால், என்றால் அந்த பலம் கிடையாது.

மனைப்பிரிவு வரைபடத்தில் பின்பக்கம் சந்து ஏதும் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாத மனைகளுக்கான 2017 திட்டத்தில் வரன்முறை செய்திருந்தால் அப்போது கொடுத்த வரைபடத்தையும் எடுங்கள். அவருடைய மூலப் பத்திரத்தின் நகலும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டால் யாருக்கும் கிடைக்கும். பழைய பத்திரங்களில் சொத்து விவரத்துக்கு அடியில் "நடைபாதை, ஜலதாரை, மாமூல் பாத்தியங்கள் உள்பட" என்று ஒரு வரி வரும். ஜலதாரை என்றால் தண்ணீர் போகும் வழி. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து யாரும் படிப்பதில்லை. முப்பது வருஷத்தில் அந்த ஒரு வரியை வைத்துத் தீர்ந்த தகராறுகளையும் பார்த்திருக்கிறேன், அந்த வரி இல்லாததால் அண்ணன் தம்பி பேச்சு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பம் புதுவீடு
11 ஆகஸ்ட் 2025, மதியம் 1.10

எல்லாரும் பைப் வச்சவர் பக்கமே பேசறீங்க. நான் மண் அடிச்ச பக்கம். பேங்க்ல கடன் வாங்கி நெல்லிக்குப்பத்துல மனை வாங்கினேன். 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமா இருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து வீட்டு சாக்கடை பைப் குறுக்கால வருது. அவர் வந்து "இது எங்க பாத்தியம், தொடாதீங்க"ங்கறார். வித்தவர் ஒரு வார்த்தை சொல்லல. பைப்ப அப்படியே விட்டா என் பூஜை ரூம் அதுக்கு மேல வரும். என் இடத்துக்கு நான் வரி கட்டறேன், அவர் வீட்டுத் தண்ணி என் அஸ்திவாரத்துல ஊறணுமா? மண் அடிக்காம கட்டினா தெருத் தண்ணி என் வீட்டுக்குள்ள வரும். ரோடு போடும்போதெல்லாம் அரையடி ஏறுது, நாங்க எங்கதான் போறது?

செம்மண்டலம் அண்ணன் படற கஷ்டம் எனக்குப் புரியுது. அந்தப் பின்மனைக்காரர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமில்ல, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கறுப்பு அங்கி
11 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

நெல்லிக்குப்பம் சார் சொல்றது நியாயம். வாய்மொழியாவும் அனுபவத்தாலயும் வந்த பாத்தியம் வில்லங்கச் சான்றுல வராது. பத்திரம் பதிஞ்சாத்தான் வரும். மனை வாங்கறவங்க வில்லங்கம் பார்க்கறதோட நிறுத்தாம, ஒரு நல்ல மழை நாள்ல அந்த மனையில போய் நின்னு பாக்கணும். தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது, நாலு ஓரத்துலயும் மூடி போட்ட சேம்பர், அதாவது பைப்ப சுத்தம் பண்ண வழியில கட்டற தொட்டி, இருக்கான்னு.

ஏன்னா 15ம் பிரிவுல 'வெளிப்படையா'ங்கற வார்த்தைக்கு அர்த்தம் இருக்கு. பூமிக்குள்ள மறைஞ்சு போற பைப்ப, மனைக்காரருக்குத் தெரிஞ்சே அனுபவிச்சோம்னு நிரூபிக்கணும். செம்மண்டலம் தம்பி, உங்க பைப்புக்கு நடுவுல சேம்பர் ஏதாவது கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்ததா?

மண் அடிக்கறதப் பத்தி: தன் மனையை உயர்த்த அவருக்கு உரிமை உண்டு. இயல்பா வர்ற மழைத் தண்ணிக்கு வழி விடாம அணை கட்டற மாதிரி உயர்த்தறதுதான் தகராறு. அதே மாதிரி பைப் உரிமை இருக்கறவரும் சுமையைக் கூட்டக் கூடாது. ஒரு வீட்டுத் தண்ணிக்கு வந்த பாத்தியத்துல மூணு மாடி வாடகை வீட்டுத் தண்ணிய விட முடியாது.

மாடி வீட்டம்மா
12 ஆகஸ்ட் 2025, காலை 11.00

இதே இழையில கேக்கலாமா தெரியல. எங்க மொட்டை மாடிக்கு மேல பக்கத்து வீட்டு கரண்ட் ஒயர் போகுது, கை எட்டற உயரம். மாடி எடுக்க முடியல. அவங்க 20 வருஷம் ஆச்சு, பாத்தியம்ங்கறாங்க.

கறுப்பு அங்கி
12 ஆகஸ்ட் 2025, இரவு 7.45

அம்மா, மின்வாரிய ஒயருக்குத் தனிச் சட்டம், 2003 மின்சாரச் சட்டமும் 2006 விதிகளும். தனியார் இடத்து மேல கம்பி இழுக்க இடத்துக்காரர் சம்மதம் வேணும், மறுத்தா கலெக்டர் அனுமதி வாங்கணும். உங்க பிரிவு அலுவலகத்துல லைன் மாத்தித் தரச்சொல்லி எழுதிக் கொடுங்க, டெபாசிட் கட்டினா மாத்துவாங்க. அதுவரைக்கும் அந்தக் கம்பி ஓரம் துணி காயப்போடாதீங்க. விவரமா தனி இழை போடுங்க, பதில் சொல்றேன்.

முத்தியால்பேட்டை
12 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

புதுச்சேரியிலிருந்து ஒரு சேர்க்கை. எங்கள் தாத்தா வீட்டுப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அதில் 'செர்வித்யூத்' என்று ஒரு சொல் வரும். பக்கத்து வீட்டு முற்றத்துத் தண்ணீர் எங்கள் வீட்டுத் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் இங்கே செல்லுபடியானது 1804ஆம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டம். அதன் 640ஆவது பிரிவும் பள்ளத்து நிலம் மேட்டுத் தண்ணீரை ஏற்க வேண்டும் என்றே சொல்கிறது. மனிதன் கை வைக்காமல் தானாக ஓடும் தண்ணீர் என்ற நிபந்தனையும் உண்டு. 681ஆவது பிரிவு இன்னும் தெளிவு: உன் கூரைத் தண்ணீர் உன் நிலத்தில் விழ வேண்டும், இல்லையேல் பொதுத் தெருவில் விழ வேண்டும், அடுத்தவன் நிலத்தில் விழும்படி கூரை போடாதே.

இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறதே என்று எனக்கு வியப்பு. ஃபெஞ்சலில் இங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று ரெயின்போ நகர் கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் யார் தண்ணீர் யார் வீட்டில் நின்றது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பழைய தூம்பை மூடாமல் வைத்திருந்த வீடுகளில் மட்டும் மறுநாள் மாலைக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. இதைக் கண்ணால் பார்த்தேன்.

ரசமட்டம்
13 ஆகஸ்ட் 2025, காலை 5.50

நான் மேஸ்திரி, முப்பது வருஷ அனுபவம். கோர்ட் விஷயம் எனக்குத் தெரியாது. தண்ணி விஷயம் சொல்றேன்.

ஆயிரம் சதுர அடி மாடின்னு வைங்க. ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர். பத்து செ.மீ.ன்னா 9,300 லிட்டர். ஃபெஞ்சல் மாதிரி 40 செ.மீ. வந்தா 37,000 லிட்டர், அதாவது மூணு டேங்கர் லாரி. அதை நாலு இஞ்ச் பைப்ல, அதுவும் சமையக்கட்டு எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ஒட்டி மூணு இஞ்சா சுருங்கின பைப்ல விட்டா எப்படிப் போகும்? பின்மனைக்காரர் அடைக்கலைன்னாலும் அன்னைக்கு உங்க வீட்ல கொஞ்சம் தண்ணி நின்னிருக்கும் தம்பி. கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்.

உறிஞ்சு குழி போட்டுக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. கடலூர்ல சித்திரை வைகாசியில குடிக்கும். ஐப்பசி கார்த்திகையில ஊத்து மேல வந்துடும், குழியே நிறைஞ்சு நிக்கும். மழைநீர் சேமிப்பு 2003லேருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம்தான், அது கட்டாயம் வேணும். அது முதல் ரெண்டு மழைக்கு. பெருமழைக்கு வடிய வழி இருந்தாகணும்.

என் யோசனை, ரெண்டையும் பிரிங்க. மழைத் தண்ணிக்கு ஆறு இஞ்ச் பைப், பத்தடிக்கு ரெண்டு இஞ்ச் வாட்டம் (சரிவு), இருபதடிக்கு ஒரு சேம்பர். அவர் மனைக்கு நடுவுல வேண்டாம், காம்பவுண்டு ஓரமா ஒரு அடி இடம் கொடுத்தா போதும். சமையக்கட்டுத் தண்ணிய உங்க முன்பக்கம் மூணுக்கு மூணு சம்ப் கட்டி, அரை எச்.பி. மோட்டார் வச்சு தெருவுக்கு ஏத்துங்க. சம்ப்புக்கு முன்னாடி பிசுக்கு நிக்க ஒரு சேம்பர், மோட்டார் பைப்ல திரும்பி வராம இருக்க வால்வு. போடறதுக்கு முன்னாடி டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாருங்க. கண்ணால பார்த்துப் போட்டா வாட்டம் எதிர்ப்பக்கம் போயிடும்.

செம்மண்டலத்தான்
17 ஆகஸ்ட் 2025, இரவு 11.20

சங்கிலி ஐயா சொன்னபடி புலப்படம் எடுத்தேன். வாய்க்கால் எங்க மனைக்கு ரெண்டு மனை தள்ளியே முடிஞ்சுடுது. புறம்போக்கு இல்ல, சந்தும் இல்ல. பத்திரத்துல 'மாமூல் பாத்தியங்கள்'ங்கற வரி இருக்கு, ஆனா பைப் போட்டது பத்திரத்துக்குப் பிறகு.

மேடம், சேம்பர் இருந்தது. மனை நடுவுல சிமெண்ட் மூடி, அது மேல நாங்க கிரிக்கெட் ஸ்டம்ப் வச்சு ஆடியிருக்கோம்.

இன்னொண்ணும் கிடைச்சது. அதைச் சொல்லவா வேண்டாமான்னு மூணு நாள் தூங்கல. அப்பா வீடு கட்டினப்ப எழுதின வரவு செலவு நோட்டு பீரோவுல அடியில இருந்தது. 1999 ஆனி மாசக் கணக்குல அவர் கையெழுத்துல இப்படி இருக்கு: "பின்மனையில் பைப் போட வாத்தியாரிடம் அனுமதி கேட்டேன், சம்மதம் சொன்னார். வீடு கட்டும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பைப் 5, சிமெண்ட் 2 மூட்டை, கூலி."

அப்பா கேட்டுத்தான் போட்டிருக்கார். எடுத்துக்கறேன்னு வாக்கும் கொடுத்திருக்கார்.

வெள்ளிக்கடற்கரை
17 ஆகஸ்ட் 2025, இரவு 11.35

அண்ணா, அந்த நோட்ட யாருக்கும் காட்டாதீங்க. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 25 வருஷம், சேம்பர் மூடி, சாட்சி எல்லாம் இருக்கு. ஜெயிச்சுடலாம்.

கறுப்பு அங்கி
18 ஆகஸ்ட் 2025, காலை 6.40

வெள்ளிக்கடற்கரை தம்பி, உங்க அக்கறை புரியுது. ஆனா வழக்கு மனுவுல "உரிமையாக அனுபவித்து வந்தோம்"னு எழுதி அதுக்குக் கீழ இவர்தான் கையெழுத்துப் போடணும். கூண்டுல நின்னு "உங்க தகப்பனார் அனுமதி கேட்டாரா?"ங்கற கேள்விக்கு இவர்தான் பதில் சொல்லணும். நோட்டு இருக்கறது தெரிஞ்சுக்கிட்டே இல்லைன்னு சொல்றது பொய்ச் சத்தியம். என்கிட்ட வர்ற கட்சிக்காரரா இருந்தா அந்த வழக்கை நான் அப்படி நடத்த மாட்டேன்.

செம்மண்டலம் தம்பி, வழக்கே போச்சுன்னு நினைக்காதீங்க. இயல்பா ஓடற மழைத் தண்ணிக்கான 7ம் பிரிவு உரிமைக்கு அப்பா கேட்டதும் கேக்காததும் சம்பந்தமே இல்ல. அது அப்படியே நிக்குது. உங்க மனையிலேருந்து பின்பக்கம் சரிவுங்கறத மட்டம் பார்த்து நிரூபிக்க முடியும், கோர்ட் கமிஷனர் வந்து பார்த்தா தெரியும். பலவீனமானது சமையக்கட்டுத் தண்ணி மட்டும்தான். அதை மேஸ்திரி சொன்ன மாதிரி முன்பக்கம் கொண்டுபோயிடுங்க. மழைத் தண்ணிக்கு மட்டும் பேசுங்க.

வழக்குக்கு முன்னாடி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு கொடுங்க. நீதிமன்ற வளாகத்துலயே இருக்கு, கட்டணம் கிடையாது, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. ஒத்துக்கிட்டா லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றத் தீர்ப்பா எழுதிடுவாங்க, அது கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது. நோட்டீஸ் அனுப்பிட்டீங்கதானே? ஒரு வருஷக் கெடு அக்டோபர் 17, மறக்காதீங்க.

நெல்லிக்குப்பம் புதுவீடு
18 ஆகஸ்ட் 2025, மதியம் 2.00

அண்ணா, ஒரு வார்த்தை. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு நேரா பின்மனைக்காரர் வீட்டுக்குப் போங்க. என் பக்கத்து வீட்டுக்காரர் "பாத்தியம்"னு ஆரம்பிக்காம, "எங்கப்பா கேட்டுத்தான் போட்டார், நீங்க வர்ற முன்னாடி நான் சொல்லியிருக்கணும்"னு வந்திருந்தா நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். திருட்டுத்தனமா போட்ட பைப்னுதான் நான் நினைச்சேன்.

செம்மண்டலத்தான்
7 செப்டம்பர் 2025, இரவு 9.00

நோட்டீஸ் போச்சு, ஆணைக்குழுவுலயும் மனு கொடுத்தேன். விசாரணைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமா முகம் பார்க்காதவர். நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சார். "வித்தவங்க பைப்பப் பத்திச் சொல்லவே இல்ல தம்பி, யாரோ ராத்திரியில தோண்டிப் போட்டதுன்னு ஜே.சி.பி.க்காரன் சொன்னான்"னார். அம்மா எதுவும் பேசல, ஃபெஞ்சல் அன்னைக்கு எடுத்த போட்டோவை மட்டும் போன்ல காட்டினாங்க.

உடனே எல்லாம் சரியாயிடல. நடுவுல பைப் வரவே கூடாது, சமையக்கட்டுத் தண்ணி ஒரு சொட்டு வரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார். எனக்கும் முதல்ல கோவம் வந்தது, 25 வருஷம் போன தண்ணிதானேன்னு. ஆணைக்குழுவுல ரெண்டு தடவை உக்காந்தோம். கடைசியில காம்பவுண்டு ஓரமா ஒரு அடி அகலத்துக்கு, மழைத் தண்ணிக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டார். எழுதற வாசகம் எப்படி இருக்கணும் மேடம்?

கறுப்பு அங்கி
8 செப்டம்பர் 2025, காலை 7.15

ரொம்ப சந்தோஷம். "அனுமதிக்கிறேன்"னு எழுதாதீங்க, பழைய கதைக்கே திரும்பிடும். "இன்னார் மனைக்கு, இன்ன மனையின் கீழ்புற ஓரத்தில், மழைநீர் செல்லும் பாத்தியம் வழங்குகிறேன், இது வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும்"னு இருக்கணும். பைப் அளவு, நீளம், ஆழம், வரைபடம் சேருங்க. பழுது உங்க செலவு. உள்ள வர எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், தோண்டின மண்ணைப் பழையபடி மூடித் தரணும், அதையும் எழுதுங்க. கழிவுநீர் விட்டா அவர் அடைக்கலாம்னு அவர் கேட்டா அதையும் சேருங்க, அவர் பயம் நியாயமானது. சார்பதிவாளர் அலுவலகத்துல பதிஞ்சுடுங்க, ரெண்டு மனை வில்லங்கத்துலயும் வரும். நாளைக்கு அவர் மனையை வித்தாலும் உங்க அம்மா கட்டில் மேல ஏற வேண்டாம்.

ரசமட்டம்
8 செப்டம்பர் 2025, காலை 9.00

மண் புதுசா அடிச்சது, இன்னும் இறங்கும். பைப்புக்கு அடியில மணல் போட்டு இறுக்கி, தண்ணி ஊத்தி ஒரு வாரம் விட்டுப் பிறகு மூடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் நடுவுல தொய்ஞ்சு அங்கயே தண்ணி தேங்கும்.

செம்மண்டலத்தான்
22 அக்டோபர் 2025, காலை 6.30

பத்திரம் செப்டம்பர் கடைசியில பதிஞ்சாச்சு. அதுக்குள்ள ஒரு வாரம் மணல் கிடைக்கல, அப்புறம் ஆயுத பூஜை. பைப்ப மூடினது தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடிதான்.

நேத்து சாயங்காலம் ஆரம்பிச்ச மழை விடியற வரைக்கும் விடல. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டு மாடிக்குப் போனேன். பின்தெரு கால்வாயில நம்ம பைப் வாயிலேருந்து தண்ணி கலங்கலா முதல்ல வந்து, அப்புறம் தெளிவா வந்துட்டே இருந்தது. அவரும் குடையோட அவர் வீட்டு வாசல்ல நின்னு சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்துட்டு இருந்தார். கையைக் காட்டினேன், அவரும் காட்டினார்.

சமையக்கட்டு சம்ப்லதான் ஒரு சிக்கல். மூணு மணிக்குக் கரண்ட் போச்சு, மோட்டார் நின்னுடுச்சு, சம்ப் விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. மேஸ்திரி ஐயா, இன்வெர்ட்டர்ல அரை எச்.பி. மோட்டார் ஓடுமா, இல்ல சம்ப்ப இன்னும் ரெண்டடி ஆழமாக்கணுமா?